கன்னி மூலை

அய்யப்பனின் சட்டை கிழிந்த சத்தம் மாடிவரைக்கும் கேட்டது. முட்டி போட்டு உட்கார்ந்து ஈரத்துணியால் மாடித் தரையின் தட்டோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்த மாரிக்கனி அப்படியே நிறுத்தினாள். கீழே தெருவில் ஒரு பைக் சரிந்து விழுந்தது. "மாலை கொண்டாந்துருக்கான்லே, மாலை! ஆளையும் முடிச்சுட்டு மாலையும் போட வந்துட்டான்!" என்று அவள் புருஷன் பால்பாண்டி கத்தினான்.

எழுந்து கைப்பிடிச் சுவர் ஓரமாய் எட்டிப் பார்த்தாள். மூன்று வீடு தள்ளி அவள் தம்பி ராஜபாண்டியின் வாசலில் பந்தல் போட்டிருந்தது. ராஜபாண்டியின் உடல் இன்னும் வரவில்லை. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்து, கையெழுத்துக்காக வைத்திருந்தார்கள். முப்பத்தியொரு வயசுப் பிள்ளை. நேற்று மத்தியானம் இதே மாடியில் நின்று, "யக்கா, காரக்கொழம்பு இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டவன்.

பந்தலுக்கு முன்னால் அய்யப்பன் மண்ணில் கிடந்தான். சாவுக்கென்று அவன் வாங்கிவந்த ரோஜா மாலையை யாரோ அவன் கழுத்திலேயே மாட்டி, அதைப் பிடித்துத்தான் இழுத்தார்கள். மாலை அறுந்து பூவெல்லாம் தெருவில் சிதறியது. சித்தப்பா மகன் ஒருத்தன் அவன் விலாவில் மிதித்தான். இன்னொருத்தன் முடியைப் பிடித்துத் தூக்கி, மறுபடியும் தரையில் போட்டான். அழுதுகொண்டிருந்த பெண்டுகள்கூட அழுகையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

அய்யப்பன் அருப்புக்கோட்டையில் இன்டர்நெட் கனெக்சன் கொடுக்கிறவன். டவரிலிருந்து காற்று வழியாய் நெட்டை அனுப்பி, ஊர் ஊராய் வீட்டு மாடியில் கம்பம் நட்டு, அதன் உச்சியில் ஒரு டிஷ் ஆன்டெனா கட்டி இழுத்துக் கொடுப்பான். அவனிடம் ராஜபாண்டி ஆறு வருசமாய் வேலை பார்த்தான். முதலாளி, தொழிலாளி என்ற பேச்சே அவர்களுக்குள் கிடையாது. ஒரே தட்டில் புரோட்டா பிய்த்துத் தின்றவர்கள்.

"ஹெல்மெட்டு குடுத்தியாலே? பெல்ட்டு குடுத்தியா? ஹை டென்சன் கரண்டு லைனு பக்கத்துல கம்பத்த நடச் சொல்லி அனுப்புனியே, ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கூட்டத்தில் ஒருத்தன் கத்தினான்.

"நான் சொல்லலண்ணே... சத்தியமா நான் அங்க நடச் சொல்லலண்ணே..." அய்யப்பனின் வாயிலிருந்து ரத்தமும் எச்சிலுமாய் வந்தது.

அவன் சொல்லவில்லை. அது மாரிக்கனிக்குத் தெரியும். இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

நேற்று சாயங்காலம், போலீஸ் வந்து போனபிறகு, மல்லாங்கிணற்றுக்கு லோடு இறக்கப் போயிருந்த பால்பாண்டி அடித்துப் பிடித்து வந்து சேர்ந்தான். மாடியில் நின்று தென்மேற்கு மூலையையும் அதற்குப் பன்னிரண்டு அடி தள்ளி ஓடுகிற மின்கம்பியையும் மாறி மாறிப் பார்த்தான். "எந்தக் கூறு கெட்டவன் இங்க நடச் சொன்னான்?" என்று கேட்டான். மாரிக்கனிக்கு அப்போது பல்லெல்லாம் கிட்டித்திருந்தது. ஆனாலும் நாக்கு மட்டும் வேலை செய்தது. "அந்தக் கம்பெனிக்காரந்தேன் சொல்லியிருப்பான்" என்றாள்.

ஒரே ஒரு சொல். அதை யோசித்துச் சொல்லவில்லை. தீ பட்ட கை தானாய் உதறுமே, அந்த மாதிரி வந்த சொல். ராத்திரிக்குள் ஊருக்கே தெரிந்துபோனது, அய்யப்பன்தான் லைனுக்குப் பக்கத்தில் நடச் சொன்னான் என்று. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? காலையில் அவன் மாலையோடு வந்து இறங்கினபோது, காத்திருந்தவர்கள் மாதிரி பாய்ந்தார்கள்.

பேசினால் அவன் பிழைப்பான். பேசினால் அவள் இந்த ஊரில் தலைகாட்ட முடியாது. பெற்ற தாய் முகத்திலும் தம்பி பெண்டாட்டி முகத்திலும் எப்படி முழிப்பது? மாரிக்கனி மறுபடியும் வடகிழக்கு மூலைக்கு வந்து முட்டி போட்டாள். துணியை நனைத்துத் தேய்த்தாள். கயிறு அறுத்த உள்ளங்கை எரிந்தது. எரியட்டும் என்று தேய்த்தாள்.

சிவப்புத் தட்டோட்டில் வெள்ளைச் சாக்பீஸால் போட்ட பெருக்கல் குறி அது. பக்கத்தில் ராஜபாண்டியின் கோணல் எழுத்து: 'கம்பம் 20. லைன் 46. இங்கதான்.' சாக்பீஸ் ஓட்டின் சொரசொரப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்றது. 'கம்பம்' போய்விட்டது. குறியில் ஒரு கால் போய்விட்டது. 'இங்கதான்' அப்படியே இருந்தது. மத்தியானம் ஏட்டும் கரண்ட் ஆபீஸ்காரரும் இடத்தைப் பார்க்க வருகிறார்கள். அதற்குள் அழியவேண்டும்.

நேற்றுக் காலை பத்து மணிக்கே ராஜபாண்டி வந்துவிட்டான். வந்ததும் மாடியேறி, டேப்பை இழுத்து அளந்து, இந்தக் குறியைத்தான் முதலில் போட்டான். அவன் பையில் அய்யப்பன் அச்சடித்துக் கொடுத்த தாள் ஒன்று எப்போதும் இருக்கும். மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறை போட்டது. அதை எடுத்து அக்காளுக்கு வாத்தியார் மாதிரி வாசித்துக் காட்டினான்.

"கம்பம் எத்தனை அடியோ, அதைப்போல இரண்டு மடங்கு தூரம் மின்கம்பியை விட்டுத் தள்ளி நட வேண்டும். கேட்டியாக்கா? காற்று அடிக்கும்போது கம்பம் தூக்கக்கூடாது. ஆள் மூன்று பேர் வேண்டும். மூணு பேருக்கு எங்க போறது? நீ ஒரு ஆளு, நான் ரெண்டு ஆளு." சிரித்தான். "கம்பம் சாய்ந்தால் பிடிக்காதே. விட்டுவிட்டு விலகி ஓடு. இதுதாங்க்கா முக்கியம். போன மாசம் பாலவனத்தத்துல ஒரு கம்பம் சாஞ்சுச்சு, நானும் அய்யப்பனும் ஓடுன ஓட்டத்தப் பாத்து ஊரே சிரிச்சுச்சு."

மாரிக்கனி வடகிழக்கு மூலையைப் பார்த்தாள். குறியைப் பார்த்தாள். "இது ஈசானி மூலையில்லியாடா ராசா" என்றாள்.

"என்ன மூலையா இருந்தா என்ன? கருவேல மரத்துக்கு மேல உசந்தாப் போதும். டவர் நேரா தெரியுது."

"ஈசானியில பாரம் ஏத்தக்கூடாதுலே. ஆம்பளைக்கு ஆகாது."

சும்மா சொல்லவில்லை அவள். வீடு கட்டிக் குடிவந்த இரண்டு வருசத்தில் பட்டது கொஞ்சமா? போர்வெல் வற்றியது. பால்பாண்டி வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்தது. மகள் கனகலட்சுமிக்குப் பேசி முடித்த சம்பந்தம், பத்திரிகை அடிக்கிற நேரத்தில் முறிந்தது. பட்ட காலிலேயே பட்டுக்கொண்டிருந்தது. வாஸ்து பார்க்கிறவர் டவுனிலிருந்து வந்து, திசைமானியை வைத்துப் பார்த்து, தண்ணீர்த் தொட்டி ஈசானி மூலையில் இருக்கிறதுதான் குற்றம் என்றார். கன்னி மூலைதான் வீட்டிலேயே உசரமாய், கனமாய் இருக்கவேண்டுமாம். தென்மேற்குக்குத் தொட்டியை மாற்றியபிறகு வீடு கொஞ்சம் மூச்சு விட்டது. கனகலட்சுமிக்கு வீட்டிலிருந்தே பார்க்கிற மாதிரி ஒரு கம்பெனியில் வேலையும் கிடைத்தது. அந்த வேலைக்குத்தான் இந்த நெட்டு. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவேண்டும்.

"கன்னி மூலையில நடு. அங்கதேன் உசரம் இருக்கணும்" என்றாள் மாரிக்கனி.

"அங்க லைனு போகுதுக்கா. அய்யப்பனுக்குத் தெரிஞ்சா என்னைய உரிச்சுருவான். அவன் செவ்வாக்கெழம நானும் வாரேன், சேந்து நடுவோம்னான். நீ அவசரப்படுத்துறன்னுதான் இன்னைக்கே வந்தேன்."

"அப்பொ ஒங்க மச்சானுக்கு மறுபடியும் ஏதாச்சும் ஆகட்டுங்கிறியா? சொல்லு, ஒங்கக்கா தாலியறுக்கட்டுங்கிறியா?"

இந்த மாதிரிக் கேட்டால் தம்பிக்காரன் என்னதான் சொல்வான்? தலையைச் சொறிந்தான். லைனைப் பார்த்தான். "நீ வக்கீலுக்குப் படிச்சுருக்கணும்க்கா" என்றான். கம்பத்தைத் தூக்கிக்கொண்டு கன்னி மூலைக்குப் போனான்.

காற்று மூன்று மணிக்குத்தான் கிளம்பியது. ஆடி மாசத்துக் காற்று. கருவேலங்காட்டிலிருந்து புழுதியை வாரிக்கொண்டு வந்தது. கம்பம் நின்றுவிட்டது, அதைச் சுவரோடு பிடிக்கிற கீழ்க் கிளாம்பை மட்டும் இறுக்கவேண்டும். மாரிக்கனி நைலான் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரே இழுப்பு. கயிறு அவள் உள்ளங்கையைச் சீவிக்கொண்டு போனது. அவள் கயிற்றை விட்டுவிட்டாள். உச்சியில் டிஷ்ஷோடு கம்பம் வெளிப்பக்கம், லைனை நோக்கிச் சாய, ராஜபாண்டி ஒரு கணம் கையை எடுத்தான். அவள் பார்த்தாள். அவன் கை எடுத்ததைக் கண்ணால் பார்த்தாள். "விட்டுறாதலே! புடி, புடி!" என்று கத்தினாள். புது டிஷ் உடைந்துவிடும் என்று கத்தினாளா, கன்னி மூலைக் கம்பம் சாய்ந்தால் சகுனம் கெட்டது என்று கத்தினாளா, இன்றைக்குவரைக்கும் அவளுக்கே தெரியாது. அக்காள் சொல்லைத் தட்டாத பிள்ளை. பிடித்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் நினைக்கமாட்டேன் என்றாலும் மூக்கு நினைத்தது. அந்த வாடை இன்னும் மாடியை விட்டுப் போகவில்லை.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. பால்பாண்டிதான். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான். மேல்துண்டு இல்லை. கைமுட்டியில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. அவன் ரத்தமோ, அய்யப்பன் ரத்தமோ. மாரிக்கனி துணியைக் குறியின்மேல் விரித்துப் போட்டு, அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய், அங்கே கிடந்த நாலடி இரும்புக் குழாயைத் தூக்கினான். இடி, மின்னல் பூமிக்குப் போக எர்த்துக்கென்று மண்ணில் புதைக்க ராஜபாண்டி கொண்டுவந்து வைத்திருந்த குழாய்.

"எதுக்குங்க அது?"

"எந்தக் கையால எம் மச்சினன அனுப்புனானோ, அந்தக் கைய முறிக்கப் போறேன். இனிமே அவன் கம்பம் தூக்குறதையும் பாக்குறேன், சோறு திங்கிறதையும் பாக்குறேன்."

"வேணாங்க."

"ஒந்தம்பிடி! ஒந்தம்பி கரிக்கட்டையா கெடந்தான்! ஒனக்கு ரோசம் இல்லையா?"

"அவன் சொல்லலங்க." அடுத்த சொல் நாக்கு நுனியில் இருந்தது. விழுங்கிவிடலாம். இப்போதும் விழுங்கிவிடலாம். "நாந்தேன் சொன்னேன்."

பால்பாண்டி நின்றான்.

அவள் துணியை எடுத்தாள். பாதி அழிந்த குறியும் அந்தக் கோணல் எழுத்தும் ஈரத்தில் பளிச்சென்று தெரிந்தன. "அவன் இங்கதான் போட்டான். லைனுக்குக் கிட்ட வேண்டாம்னுதான் சொன்னான். நாந்தேன் கன்னி மூலையில நடச் சொன்னேன். ஒங்களுக்கு ஆகாதுன்னு... ஒங்க காலு..."

அவன் அந்தக் குறியை ரொம்ப நேரம் பார்த்தான். குழாயைக் கீழே வைப்பான் என்று அவள் நினைத்தாள். அவன் கிட்டே வந்து அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். காது அடைத்துப்போனது.

"யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

அவள் தலையாட்டினாள், இல்லை என்று.

"சொல்லாத. செத்தாலும் சொல்லாத. சம்பந்தம் பேச எவன் இந்த வீட்டு வாசப்படி ஏறுவான்? புருசன் காலுக்காகத் தம்பியக் கொன்னாளாம்னு ஊரு காறித் துப்பும். தேச்சு அழி. அழிச்சுட்டு வந்து பந்தல்ல உக்காந்து அழு."

"அப்பொ அந்தக் குழா..."

அவன் குழாயோடு படியிறங்கிப் போனான்.

மாரிக்கனிக்கு அப்போதுதான் உறைத்தது. இதுவரை தெரியாமல் அடித்தான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று விட்டுவிடலாம். இனி தெரிந்தே அடிக்கப் போகிறான். அடித்து முறித்துவிட்டால் பழி அய்யப்பன் தலையில் உறுதியாய் உட்கார்ந்துகொள்ளும். கை முறிந்தவன் பேச்சை எவன் கேட்பான்? நல்ல கணக்குத்தான். இந்தக் கணக்கைப் போட்டவனோடுதான் இருபத்திரண்டு வருசமாய்க் குடித்தனம் பண்ணியிருக்கிறாள்.

துணியை எறிந்துவிட்டு ஓடினாள். படியில் சேலை தடுக்கி விழுந்தாள். எழுந்து ஓடினாள். வீட்டுக்குள் கனகலட்சுமி மூடின கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "ம்மா, என்னம்மா?" என்றாள். நிற்க நேரமில்லை.

தெருவில் அய்யப்பனை இரண்டு பேர் பிடித்து, அவன் வலது கையை அடிகுழாய்த் திண்டின்மேல் நீட்டி அமுக்கியிருந்தார்கள். ஒருத்தன் அவன் முதுகின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தான். "அண்ணே, தொழிலே இந்தக் கையிலதாண்ணே... எம் புள்ளைக மேல சத்தியமாண்ணே..." என்று அவன் கதறினான். கூட்டம் 'போடு, போடு' என்றது. பால்பாண்டி குழாயை ஓங்கினான்.

"ஏங்க!" என்று மாரிக்கனி கத்தியதற்கும் குழாய் இறங்கியதற்கும் இடையில் ஒரு மூச்சுக்கூட இல்லை. விறகு முறிகிற சத்தம் கேட்டது. அய்யப்பன் அலறவில்லை, வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. பால்பாண்டி மறுபடியும் ஓங்கினான். இந்தத் தடவை அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். நீட்டியிருந்த அய்யப்பன் கைமேல் அப்படியே கவிழ்ந்து படுத்தாள். குழாய் அவள் தோள்பட்டையில் விழுந்தது. கண்ணுக்குள் வெள்ளையாய் ஒன்று வெடித்தது.

"வெலகுடி!"

"நாந்தேன்!" அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "அவன் சொல்லல. நாந்தேன் கன்னி மூலையில நடச் சொன்னேன். தம்பி மாட்டேன்னான். ஈசானியில குறி போட்டுட்டான். தாலியறுத்துருவேன்னு சொல்லி நாந்தேன் அவன் மனச மாத்துனேன். இவன் சொன்னான்னு நேத்துப் பொய் சொன்னேன். நான் சொன்னது பொய்யி!"

"துக்கத்துல ஒளர்றா, தூக்குங்கடா இவள" என்று பால்பாண்டி அவள் முடியைப் பிடித்து இழுத்தான்.

"ஒளறல! கம்பம் சாயும்போது அவன் விட்டுட்டான். கைய எடுத்துட்டான். நாந்தேன் 'விட்டுறாதலே, புடி'ன்னேன். நான் கயித்த விட்டுட்டு அவனப் புடின்னேன்." உள்ளங்கையை விரித்துத் தூக்கிக் காட்டினாள். கயிறு அறுத்த சிவப்புக் கோடுகளில் சாக்பீஸ் மாவு அப்பியிருந்தது. "இந்தா பாருங்க. இந்தா!"

அய்யப்பன் முதுகில் உட்கார்ந்திருந்தவன் மெதுவாய் இறங்கினான். யாரோ ஒருத்தன் குழாயைப் பால்பாண்டியின் கையிலிருந்து வாங்க, அவன் கொடுத்தான்.

பந்தலுக்குள்ளிருந்து அவளைப் பெற்றவள் வந்தாள். கருத்தம்மாள். காலையிலிருந்து மயங்கி மயங்கி விழுந்துகொண்டிருந்தவள், இப்போது வேகமாய் வந்தாள். வந்து மகளை இரண்டு கையாலும் அடித்தாள். தலையில், முதுகில், அடிபட்ட தோளில். "ஒத்தப் புள்ளடி! ஆம்பளப் புள்ள ஒண்ணுடி! மூலைக்கு ஒரு பலி கேட்டுச்சாடி? எம் புள்ளையா கெடச்சான்? ஒம் புருசன் காலு போனா என்னடி, கை போனா என்னடி? எம் புள்ளையக் குடுடி!" அவள் அடிக்க அடிக்க மாரிக்கனி தடுக்கவில்லை. வாங்கிக்கொண்டாள். அடிக்கிற கை ஓய்ந்ததும் அதே கை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. இரண்டு பேரும் அந்த ரோஜாப்பூச் சிதறலில் உட்கார்ந்து அழுதார்கள்.

நிமிர்ந்தபோது தம்பி பெண்டாட்டி தீபலட்சுமி முன்னால் நின்றாள். இருபத்தியாறு வயசு. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ஆனால் கண்ணில் இப்போது தண்ணீர் இல்லை.

"அவுக வேற எடத்துல குறி போட்டாகளா, மதினி?"

"போட்டான்மா."

"அழிச்சுட்டீகளா?"

"முழுசா அழியல" என்றாள் மாரிக்கனி.

தீபலட்சுமி பந்தலுக்குள் போனாள். போலீஸ் திருப்பிக் கொடுத்த புருஷனின் சாமான் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். யாரையும் பார்க்காமல் தெருவில் நடந்து மாரிக்கனி வீட்டுக்குள் போனாள். அவள் மாடிப்படி ஏறுவது தெரிந்தது. குதித்துவிடுவாளோ என்று பயந்து இரண்டு பெண்டுகள் பின்னால் ஓடினார்கள். "யாரும் வரவேணாம்" என்று மேலிருந்து அவள் சொன்னது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, ஏறின மாதிரியே இறங்கி வந்தாள்.

அப்போதுதான் வண்டி வந்தது.

ராஜபாண்டியை இறக்கிப் பந்தலில் வைத்தார்கள். முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தது. முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அது ஒரு பெரிய கொடுமை. தூங்குகிறவன் மாதிரி இருந்தான். நீராட்ட முடியாது, கட்டைப் பிரிக்கக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் நேரே வாய்க்கரிசிதான். "வெயிலு ஏறுது, சட்டுன்னு ஆகட்டும்" என்றார் பெரியவர் ஒருவர்.

அய்யப்பனின் கையைத் துண்டால் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். பிணம் கொண்டுவந்த வண்டியிலேயே அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்றார்கள். டிரைவர், இது பொண வண்டி, உசுரு உள்ளவன ஏத்தக்கூடாது என்று தயங்கினான். "ஏத்திக்கிட்டுப் போங்கண்ணே" என்றாள் தீபலட்சுமி. அய்யப்பன் நகரவில்லை. "ஒரு பிடி போட்டுட்டுப் போறேன்மா" என்றான். உதடு கிழிந்திருந்ததால் வார்த்தை குழறியது.

அவள் அரிசித் தட்டை அவன் முன்னால் நீட்டினாள். வலக்கை கட்டுக்குள் இருந்தது. இடது கையை நீட்டினவன் கூச்சப்பட்டு மடக்கிக்கொண்டான். தீபலட்சுமி தன் கையில் அரிசியை அள்ளி, கட்டுக்கு வெளியே தெரிந்த அவன் வீங்கின விரல் நுனியில் தொட்டு எடுத்து, புருஷன் வாயில் போட்டாள். மூன்று முறை. அய்யப்பன் குனிந்து கூட்டாளியின் முகத்தைப் பார்த்தான். "செவ்வாக்கெழம வரைக்கும் பொறுத்துருக்கக்கூடாதாடா" என்றான். அவனை வண்டியில் ஏற்றினார்கள்.

பெண்டுகள் வரிசையாய் வந்தார்கள். தட்டு ஆளுக்காளாய் வந்தது. மாரிக்கனி பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். உடன்பிறந்தவள் போடாமல் ஒரு வாய்க்கரிசியா என்று ஒருத்தியும் கூப்பிடவில்லை. நிற்கவேண்டிய இடம் அதுதான் என்று அவளுக்கும் பட்டது. தட்டு தன்னைத் தாண்டிப் போகும் என்று தலையைக் குனிந்துகொண்டாள். போகவில்லை. அரிசிக்குக் கீழே தட்டைப் பிடித்திருந்த விரல்கள் அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. தீபலட்சுமியின் விரல்கள். நகக்கண்ணெல்லாம் வெள்ளையாய் இருந்தது. அரிசிமாவு என்று நினைத்தாள். அரிசிமாவு அப்படி ஒட்டாது.

நிமிர்ந்து பார்த்தாள். தீபலட்சுமி அவளைப் பார்க்கவில்லை. தட்டை எடுக்கவும் இல்லை. மாரிக்கனி அள்ளினாள். கயிறு அறுத்த கையில் அரிசி குத்தியது. தம்பியின் வாயில் போட்டாள். "ராசா" என்றாள். சொல்லவேண்டியதையெல்லாம் தெருவில் சொல்லியாகிவிட்டது.

பாடை தெருமுனை தாண்டியது. பெண்டுகள் திரும்பினார்கள். பால்பாண்டி பாடைக்குப் பின்னால் போனவன், ஒருத்தனும் தோள்மாற்றக் கூப்பிடாததால் கருவேல மர ஓரமாய்த் தனியே நடந்துகொண்டிருந்தான்.

ஏட்டும் கரண்ட் ஆபீஸ்காரரும் இரண்டு மணிக்கு வந்தார்கள். மாரிக்கனி முன்னால் படியேறினாள். தோள் வலியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். மாடியில் வெயில் கொளுத்தியது. அவள் விட்டெறிந்த துணி மூலையில் காய்ந்து முறுகிக் கிடந்தது.

வடகிழக்கு மூலையில் பெருக்கல் குறி முழுசாய் இருந்தது. அழிந்த காலை யாரோ திரும்பப் போட்டிருந்தார்கள். மிச்சமிருந்த கோட்டின்மேலும் அழுத்தி அழுத்தி இழுத்திருந்தார்கள். சாக்பீஸ் உடைந்து துண்டு துண்டாய்ப் பக்கத்தில் கிடந்தது. 'கம்பம் 20' என்று புதிதாய், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி குண்டு குண்டாய் எழுதியிருந்தது. அதற்குக் கீழே அந்தப் பழைய கோணல் எழுத்தை மட்டும் தொடாமல் விட்டிருந்தது.

ஏட்டு நோட்டைப் பிரித்துக்கொண்டே லைனைப் பார்த்தபடி குறி இருந்த பக்கம் காலெடுத்து வைத்தார்.

"ஏட்டய்யா" என்றாள் மாரிக்கனி. "பாத்து. அதுல மிதிச்சுறாதீக."